பின்மதிலோரம் விட்ட வண்டி

2024 ஆடி முதலாந் திகதி, யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஆஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் இடைப்பட்ட வீதியின் இரண்டு கரைகளிலும் வண்டி நிறுத்தத் தடை என்ற பலகைகள் நாட்டப்பட்டன. அதுவரை ஒற்றைத் திகதிகளில் ஒரு கரையிலும் இரட்டைத் திகதிகளில் மற்றக் கரையிலும் நிறுத்தலாம் என்று இருந்தது. மருந்துக்கடைக்கு இறங்கி ஏறுகிறவர்களுக்காகக் கீறியிருந்த மஞ்சள் பெட்டிகள் அழிக்கப்பட்டன. மதிலோரம் வரிசையாக நின்ற ஓட்டோக்களைப் பின்வீதிக்குப் போகச் சொன்னார்கள். முதல் கிழமை பொலிசார் வாயால் சொன்னார்கள். அடுத்த கிழமை தண்டம் எழுதினார்கள். அதற்குப் பிறகு வீதியில் நின்ற மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் பக்கத்து ஒழுங்கைகளிலுள்ள வளவுகளுக்குள் வந்து சேர்ந்தன.

அப்படியான வளவு ஒன்றைக் கனிசியசும் மரியநாயகியும் குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தார்கள். சண்டையில் கூரை போன வீடொன்றின் வளவு அது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். சுவர்களை இடித்து அள்ளி, நிலத்தைச் சமப்படுத்தி, பாதி வளவுக்குத் தகரம் போட்டிருந்தார்கள். மறு பாதிக்கு இரண்டு வேம்புகள் நிழல் கொடுத்தன. ஒழுங்கைப் பக்கம் ஒரு கேற். அதைத் தவிர வேறு வாசல் இல்லை. பின்னால் உயரமான மதில், அதற்கு அப்பால் ஒரு புடைவைக்கடையின் களஞ்சியம்.

குருநகர்க்காரரான கனிசியஸ் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். இஞ்சின் தூக்கி இறக்கும்போது இடுப்பில் பிடித்த நோ மாறாமல் போனதால் வள்ளத்தை விற்றுவிட்டு வளவுக்கு வந்தார். மோட்டார் சைக்கிள்களை அவர் அடுக்குகிற விதத்தில் இன்னும் கடற்கரை தெரியும். முதலில் கடலுக்கு இறங்குகிற வள்ளம் தண்ணீர்ப் பக்கம் நிற்கவேண்டும், பழுது பார்க்கக் கிடப்பது மேட்டில் கிடக்கவேண்டும். அதேபோல் மருந்தெடுக்க வந்தவர்களின் வண்டி கேற்றடியில், கந்தோர்க்காரருடையது நடுவில், கொழும்புக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறுகிறவர்களுடையது பின்மதிலோரம். வண்டித் திறப்பை வளவில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஹாண்டில் லொக் போடக்கூடாது. இலக்கம் எழுதிய மட்டைத்துண்டில் ஒரு பாதி வண்டியில் தொங்கும், மறு பாதி ஆளிடம் போகும்.

ஆர் எவ்விடம் போகிறார்கள் என்பதை மரியநாயகி வாய்விட்டுக் கேட்பதில்லை. வெளிக்கிட்டுப் போகிறவரிடம் எங்கே போகிறீர் என்று கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை. போகிற காரியம் சரிவராது என்பார்கள். தெரிந்த ஆளென்றால், "தூரத்துக்கோ?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மரியநாயகி கையைப் பார்ப்பார். சுடுதண்ணீர்ப் போத்தல் என்றால் ஆஸ்பத்திரி. கடதாசிக் கோப்பு என்றால் அரசாங்கக் கந்தோரான கச்சேரி. பெரிய பயணப்பை என்றால் கொழும்பு. கேற்றடியில் வாங்கொன்றைப் போட்டு இருந்துகொண்டு, கணவனுக்குக் கையால் காட்டுவார். முன்னுக்கு, நடுவுக்கு, அடிக்கு. வளவு தொடங்கிய நாளிலிருந்து அது பிழைத்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

பலகை வந்த பிறகு அந்த வாங்குக்கும் ஆபத்து வந்தது. பின்வீதிக்கு அனுப்பப்பட்ட ஓட்டோக்காரரில் ஒருவரான அடைக்கலநாதன், சவாரி இல்லாத நேரமெல்லாம் வந்து அதில்தான் குந்துவார்.

"கனியண்ணை, றோட்டு இப்ப என்ன வடிவாக் கிடக்கு பாத்தியளோ? ஒரு வாகனமில்லை. இறங்கிப் பந்தடிக்கலாம்."

"நீ அடி. உனக்குத்தானே இப்ப வேலையில்லை."

"என்ரை வேலையைப் பறிச்சதும் உந்தப் பலகைதான், உங்களுக்குத் தந்ததும் உந்தப் பலகைதான். மரியக்கா, அதுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கோ."

"கொளுத்திறன். முதல் நீ அந்த வாங்காலை எழும்பு. அதை எடுத்தால் இன்னும் ரண்டு மோட்டச்சைக்கிள் விடலாம்."

"எழும்பிறன், எழும்பிறன். றோட்டிலை வழி விடவேணும் எண்டு பலகை போட்டாங்கள். இஞ்சை உங்கடை வளவுக்கை வழியைக் காணேல்லை."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். வளவின் நடுவில் கேற்றிலிருந்து பின்மதில்வரை ஒரு வழி விட்டிருக்கவேண்டும் என்பது அனுமதி கொடுத்தபோது சொல்லப்பட்ட விதி. ஆடி கடைசிவரை அந்த வழி இருந்தது. ஆவணியில் நல்லூரில் கொடியேறியது. பட்டினத்துக்குச் சனம் வந்து கொட்டுப்பட்டது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறித்துவிட்டதால் பருத்தித்துறை வீதியால் வருகிற பஸ்கள் சுற்றி வந்தன. பஸ்ஸில் மினக்கெட விரும்பாதவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வந்தவர்கள் வீதியில் நிறுத்த ஏலாமல் ஒழுங்கைக்குள் திரும்பினார்கள்.

"இஞ்சேருங்கோ, நடுவழியை அடைக்கிறியள்," என்று மரியநாயகி சொன்னார்.

"திருவிழா முடியுமட்டும்தான்."

"அடியிலை நிக்கிற ஒண்டை எடுக்கவேணுமெண்டால் என்ன செய்யிறது?"

"அடியிலை நிக்கிறது தூரத்துக்காரர். இரவைக்கோ நாளைக்கோ வருவினம். அந்த நேரம் முன்னுக்கு ஒண்டும் நிக்காது. நீர் என்ன, ஆஸ்பத்திரிக்கு வந்ததுகளை இடமில்லையெண்டு திருப்பி அனுப்பச் சொல்லுறீரோ? தண்டம் எழுதவெண்டு அங்காலை ஆள் நிக்குது."

 நடுவழியிலும் ஒரு வரிசை வந்தது.

கொடியேறி ஒரு கிழமை கழிந்திருந்த ஒரு வேலைநாள். சோளகக் காற்று விடியவே தொடங்கிவிட்டது. ஒழுங்கைப் புழுதியும் வேப்பஞ் சருகும் கேற்றுக்குள்ளே வந்தபடி இருந்தன. மரியநாயகி ஒரு கையால் இடியப்பப் பார்சலை மடியில் பிடித்துக்கொண்டு மறுகையால் துண்டு கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் சாப்பிட முன்னம் நாலு பேர் வந்தார்கள். ஐந்தாவதாக வந்தவன் முப்பது வயது மதிக்கத்தக்க பொடியன். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் சக்கரம் வைத்த பெரிய பயணப்பை ஒன்றைக் குறுக்கே வைத்து நெஞ்சால் அமத்திக்கொண்டு வந்தான். வண்டிச் சில்லில் செம்மண் ஒட்டியிருந்தது. இறங்கியவுடன் திறப்பைக் கொடுத்து, துண்டை வாங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். முகத்தை அவர் வடிவாகப் பார்க்கவில்லை.

கொழும்பு பஸ்ஸுக்கு ஓடுகிறான் என்று மரியநாயகி நினைத்தார். ஆனால் அந்த நேரத்தில் கொழும்பு பஸ் இருக்கிறதோ என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. "தம்பி" என்று கூப்பிட வாய் எடுத்தார். அவன் அதற்குள் ஒழுங்கை முடக்குக்குப் போய்விட்டான். வெளிக்கிட்டுப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்று விட்டுவிட்டார். கணவனுக்குக் கையைக் காட்டினார். அடிக்கு.

கனிசியஸ் அந்த வண்டியைப் பின்மதிலோரம் கொண்டுபோய் விட்டார். அதற்கு முன்னால் நடுவழியில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்தன. பத்து மணிக்குள் வளவு இறுகிவிட்டது.

மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றை மரியநாயகி தகரக் கொட்டிலுக்குள் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சூடைமீன் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அடைக்கலநாதனுக்கும் ஒரு கோப்பை. கேற்றடியில் ஆள் வந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். காலையில் வந்த பொடியன். பை கையிலேயே இருந்தது. மட்டைத்துண்டை நீட்டினான்.

"அக்கா, என்ரை மோட்டச்சைக்கிள். கெதியாத் தாங்கோ."

மரியநாயகி இலக்கத்தைப் பார்த்துத் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, நீங்கள் கொழும்புக்குப் போகேல்லையோ?"

"கொழும்புக்கோ? இல்லையக்கா. ஐயா ஆஸ்பத்திரியிலை. நேற்று இரவு அம்புலன்சிலை கொண்டு வந்தது. இது அவற்றை உடுப்பு, வாட்டுக்கை வைக்க விடேல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி டொக்டர் சொல்லிப்போட்டார். நேரம் இல்லையாம்."

"வீடு எவடம்?"

"கோப்பாய்."

"போன் எடுத்து, அங்கை ஒரு ஓட்டோவிலை..."

"வீட்டிலை இருந்தது ஐயாவின்ரை போன் ஒண்டுதான். அது இந்தப் பையுக்கை கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரர் நல்லூருக்குப் போட்டினம். அடிச்சுப் பாத்தன், எடுக்கினமில்லை. அம்மா ஒண்டும் தெரியாமல் இருக்கிறா."

அவன் பெயர் கஜீபன். தகப்பன் சீவரத்தினம், கோப்பாயில் வெங்காயமும் மரவள்ளியும் செய்கிற கமக்காரர். இதெல்லாம் பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது.

அடைக்கலநாதன் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "தம்பி, என்ரை ஓட்டோ வெளியிலைதான் நிக்குது. வந்து ஏறும்."

கஜீபன் ஒரு அடி வைத்துவிட்டான். கனிசியஸ்தான் மறித்தார்.

"பொறு அடைக்கலம். உன்ரை ஓட்டோ நல்லூரடியிலை மாட்டுப்பட்டுக் கிடக்கும். இந்த நேரம் பூசை முடிஞ்சு சனம் வெளியிலை வரும். மோட்டச்சைக்கிள் எண்டால் ஒழுங்கைக்குள்ளாலை விட்டிட்டுப் போடலாம். தம்பி, நில்லும். இந்தா எடுத்துத் தாறன். அஞ்சு நிமிசம்."

அவர் சொன்னதில் பிழை இருக்கவில்லை. அந்த நாட்களில் நல்லூரடியில் ஓட்டோக்கள் நகராமல் நின்றது உண்மை. அவர் சொன்ன விதத்திலும் உறுதி இருந்தது. வளவுக்காரர் அல்லவா, தெரியாமல் சொல்வாரா என்று கஜீபன் நின்றான்.

கனிசியஸ் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதல் வரிசை வண்டிகளை ஒழுங்கைக்குத் தள்ளினார்கள். மரியநாயகியும் தள்ளினார், அடைக்கலநாதனும் தள்ளினார், கஜீபன் பையை நிலத்தில் வைத்துவிட்டு அவனும் தள்ளினான். முன்வரிசை கெதியாகப் போனது. அடுத்த வரிசையில் ஒருவர் சொல்லியும் கேளாமல் ஹாண்டில் லொக் போட்டுவிட்டுப் போயிருந்தார். திறப்பும் இல்லை. சில்லு ஒருபக்கம் திரும்பினபடி அது குறுக்கே நின்றது. பின்பக்கத்தைத் தூக்கி அரக்கவேண்டும். கனிசியஸ் குனிந்து தூக்கினார். இடுப்பு விடவில்லை. பாதி தூக்கினபடி நின்று மூச்சு வாங்கினார்.

"விடுங்கோ ஐயா, நான் பிடிக்கிறன்," என்றான் கஜீபன்.

"இல்லைத் தம்பி, இந்தா வந்திட்டுது."

மரியநாயகி கேற்றடியைப் பார்த்தார். வெளியே தள்ளிய வண்டிகள் ஒழுங்கையில் நின்றன. அதில் ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிற ஒரு பிள்ளையின் ஸ்கூட்டி கேற்றை ஒட்டி நின்றது. பின்னேரம் வேலை முடிந்துதான் அவள் வருவாள். திறப்பு ஆணியில் தொங்கியது.

"இஞ்சேருங்கோ. அந்தப் பிள்ளையின்ரை ஸ்கூட்டியைக் குடுத்து விடுங்கோ. போட்டு வரட்டும். நான் அவவுக்குச் சொல்லுறன்."

"ஆற்றையும் சாமானை எடுத்துக் குடுக்கிறதோ?"

"அவசரத்துக்குத்தானே."

"அவசரம் எண்டு இண்டைக்குக் குடுத்தால் நாளைக்கு ஆர் இஞ்சை திறப்பைத் தந்திட்டுப் போவினம்? வழியிலை ஒண்டு நடந்தால்? நீர் பேசாமல் அந்தக் கரையைப் பிடியும்."

கஜீபன் இரண்டு பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டுதான் நின்றான். அவன் ஸ்கூட்டியைத் தாருங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கனிசியஸ் கொடுத்திருப்பார் என்று பிறகு மரியநாயகி சொன்னார். 

லொக் போட்ட வண்டியை அரக்கி எடுத்தார்கள். அதற்கு அங்கால் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி கிடைத்தது. கனிசியஸ் உள்ளே இறங்கி அடுத்ததைத் தள்ளினார்.  சைலன்சரின் விளிம்பு அவருடைய கெண்டைக்காலைச் சிராய்த்தது. அவர் காலை இழுக்க, வண்டி சரிந்தது. அது பக்கத்தில் நின்றதில் விழுந்தது. அது அடுத்ததில். பின்மதில் வரைக்கும் ஒரு வரிசை முழுதாகச் சாய்ந்தது. ஹாண்டில்கள் ஒன்றுக்குள் ஒன்று கொழுவிக்கொண்டன. எங்கேயோ ஒரு கண்ணாடி உடைந்தது. எண்ணெய் மணத்தது.

 அடைக்கலநாதன் கஜீபனின் கையைப் பிடித்தார்.

"காணும் அண்ணை. தம்பி, வா."

கஜீபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஓட்டோ ஒழுங்கை முடக்கில் திரும்புகிற சத்தம் கேட்டது. கனிசியஸ் விழுந்த வண்டிகளுக்கு நடுவில் நின்றார். கெண்டைக்கால் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. மரியநாயகி ஈரத்துணி கொண்டுவந்தார். அவர் வாங்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார்.

அடைக்கலநாதன் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வாங்கில் இருந்தார். மரியநாயகி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"நல்லூரடியிலை மறிச்சுத்தான் கிடந்தது," என்றார். "நீங்கள் சொன்னது சரிதான் அண்ணை. சுத்தித்தான் போனனான், உரும்பிராய்ப் பக்கத்தாலை."

"தாய் வந்து சேந்தவவோ?" என்று மரியநாயகி கேட்டார்.

"வந்தவ. பொடியன் போய்ச் சொல்ல, உடுத்த சீலையோடை ஏறினவ.  ஆஸ்பத்திரி வாசலிலை இறக்கிப்போட்டு நானும் கூடப் போனனான். வாட் கதவடியிலை நேர்ஸ் பிள்ளை ஒண்டு வந்து அந்த அம்மாவின்ரை கையைப் பிடிச்சது. அப்பவே எனக்கு விளங்கியிட்டுது."

"எவ்வளவு நேரம் முந்தி?"

"அதைக் கேக்காதேங்கோ அக்கா."

கனிசியஸ் கேட்டார். "சொல்லு."

"நாங்கள் வர ஒரு கால் மணித்தியாலம் முந்தியாம். சாகிற நேரம் அறிவு இருந்ததாம். மனிசி வந்திட்டாளோ எண்டு ரண்டுதரம் கேட்டவராம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னவர்."

 ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிற அந்தப் பிள்ளை வந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பின்மதிலோரம் கஜீபனின் மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது. சாய்ந்த வரிசையில் அது சேரவில்லை. ஒரு கீறலும் இல்லை.

மறுநாள் விடிய கனிசியஸ் அதைக் கேற்றடிக்குக் கொண்டுவந்து, ஒழுங்கையைப் பார்க்கத் திருப்பி விட்டார். அதற்கு முன்னால் ஒரு வண்டியையும் விட மறுத்தார். பின்னேரம் மழைக்குணம் தெரிந்தால் தகரத்துக்குக் கீழே தள்ளுவார். விடியத் திரும்பவும் முன்னுக்கு. நடுவழியையும் திறந்துவிட்டார். வளவில் அரைவாசி இடம்தான் மிஞ்சியது. வந்தவர்களுக்கு இடமில்லை என்று சொன்னார். "அங்கை அவ்வளவு இடம் சும்மா கிடக்கு" என்று அவர்கள் நடுவழியைக் காட்டினார்கள். 

கஜீபன் வரவில்லை. செத்தவீடு முடிந்தது, எட்டாம் நாள் சடங்கு முடிந்தது. தேர் முடிந்து நல்லூரில் கொடி இறங்கியது. வீதிகள் திறந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் கழிந்தது என்று அடைக்கலநாதன் விசாரித்து வந்து சொன்னார். அவன் வரவில்லை.

"கொண்டுபோய்க் குடுப்பம்," என்றார் மரியநாயகி.

"துண்டு அவனிட்டை. துண்டில்லாமல் வண்டி வெளியிலை போறேல்லை."

"இன்னும் உதையே கதைக்கிறியள்?"

கனிசியஸ் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். புண் ஆறிக் கறுத்திருந்தது.

"நான் அந்தப் பிள்ளையின்ரை ஸ்கூட்டியைக் குடுக்கச் சொன்னனான்," என்றார் மரியநாயகி.

"ஓம். சொன்னனீர்."

"நானும் அண்டைக்கு விடியக் கேட்டிருக்கவேணும். கூப்பிட வாய் வந்தது. பின்னாலை கூப்பிடக்கூடாதெண்டு விட்டிட்டன். எங்கடை வேதத்திலை உது இருக்கோ? பங்குச் சாமியாரிட்டைக் கேட்டால் சிரிப்பார்."

"சரி விடும்."

"அவனைப் போக விட்டிருந்தாலாவது காணும். அடைக்கலம் கூப்பிட்டவன்."

"அதுதான்," என்றார் கனிசியஸ். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டு வந்து போவம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கனிசியஸ் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். வளவுக்கு வந்த வண்டி ஒன்றில் அவர் ஏறி இருந்தது அன்றைக்குத்தான். பின்னால் ஓட்டோவில் மரியநாயகி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியும். அடைக்கலநாதனுக்கு வழி தெரியும்.

கோப்பாயில் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. கிணற்றடியில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போனது. விறாந்தையில் வெங்காயப் பிடிகள் கட்டித் தொங்கின. கஜீபனின் தாய் இரத்தினம்மா சுளகில் செத்தல் மிளகாய்க் காம்பு முறித்துக்கொண்டிருந்தார். தாலியில்லாத வெறும் கழுத்து. அடைக்கலநாதனைக் கண்டதும் ஆளைத் தெரிந்தது.

"அண்டைக்கு வந்த ஓட்டோத் தம்பியெல்லோ. வாங்கோ. இவை ஆர்?"

"மோட்டச்சைக்கிள் விட்ட வளவுக்காரர் அம்மா. அங்கை நிண்டது. கொண்டு வந்திருக்கினம்."

"ஓ. அது அங்கையோ நிண்டது. நான் அதைப்பற்றிக் கேக்கேல்லை." இரத்தினம்மா கதிரைகளைக் காட்டினார். "தோட்டத்துக்கை நிக்கிறான். கூப்பிட்டு அவனிட்டையே திறப்பைக் குடுங்கோ. நானும் அவனும் இப்ப கதைக்கிறேல்லை."

மரியநாயகி இருக்கவில்லை. "ஏனம்மா?"

"என்னத்தைச் சொல்ல. தேப்பன் மூச்சு இழுக்கேக்கை தாயைக் கூட்டிக்கொண்டு போகாமல் நிண்ட பிள்ளை. டொக்டர் பன்னிரண்டு மணிக்கே சொல்லிப்போட்டாராம், வாட்டிலை ஆக்கள் சொல்லிச்சினம். இவன் வீட்டை வரேக்கை ஒரு மணி எப்பவோ தாண்டியிட்டுது. ஏன்ரா பிந்தினனீ எண்டு கேட்டால், பிந்திப்போச்சு அம்மா எண்டுறான். அதுக்கு மேலை ஒரு சொல்லு இல்லை. நான் அங்கை வந்து குழறிப்போடுவன் எண்டு நினைச்சானோ, என்ன நினைச்சானோ. அந்த மனிசன் கேட்டுக்கொண்டு கிடந்ததாம்."

கனிசியஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரியநாயகி சொன்னார். பயணப்பையைப் பார்த்துக் கொழும்புக்காரர் என்று நினைத்தது, பின்மதிலோரம் விடச்சொன்னது, கூப்பிட வாய் எடுத்து விட்டது, வண்டி எடுக்க ஏலாமல் போனது, ஓட்டோவில் ஏறப் போனவனை மறித்தது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். ஸ்கூட்டியைப் பற்றியும் சொன்னார்.

"அவனிலை பிழை இல்லையம்மா. அவன் வந்து நிண்டவன். நாங்கள்தான் நிப்பாட்டி வைச்சம்."

இரத்தினம்மா சுளகைக் கீழே வைத்தார். "எவ்வளவு நேரம் நிண்டவன்?"

"அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட," என்றார் கனிசியஸ். அங்கே வந்த பிறகு அவர் பேசியது அதுதான் முதல்.

"அரை மணித்தியாலம்." இரத்தினம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. தேத்தண்ணியும் சீனிப் போத்தலும் கொண்டுவந்து வைத்தார். 

"குடியுங்கோ. நீங்கள் தெரிஞ்சு செய்யேல்லைத்தானே."

"நான் ஒரு சொல்லுக் கேட்டிருந்தால்..." என்று மரியநாயகி தொடங்கினார்.

"வெளிக்கிட்டுப் போறவனை ஆர் பிள்ளை கேக்கிறது. நானும் கேக்கேல்லை." இரத்தினம்மா கேற்றடியைப் பார்த்தார். "அண்டைக்கு விடிய, அவன் உடுப்புப் பையோடை வெளிக்கிடேக்கை நானும் ஆஸ்பத்திரிக்கு வாறனெண்டு சீலை மாத்திக்கொண்டு வந்தனான். அதுக்கிடையிலை அவன் கேற்றைத் தாண்டியிட்டான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நல்ல காரியமாப் போறவன், பின்னாலை கூப்பிடக்கூடாதெண்டு நிண்டிட்டன். பிறகு, நாளைக்கு எல்லாருமாப் போய்ப் பாக்கலாம் எண்டு இருந்திட்டன்."

சுளகை எடுத்துத் திரும்பவும் மடியில் வைத்தார். ஒரு மிளகாயைக் கையில் எடுத்துக்கொண்டு இருந்தார், காம்பு முறிக்கவில்லை.

"நான் கூப்பிட்டிருந்தால் விடிய ஏழு மணிக்கே அங்கை நிண்டிருப்பன். மோட்டச்சைக்கிள் எங்கை நிண்டால் என்ன."

 கிணற்றடி மோட்டர் நின்றது. கஜீபன் மண்வெட்டியோடு வந்தான். கேற்றடியில் வண்டியைக் கண்டு நின்றான். பிறகு விறாந்தையில் இருந்தவர்களைப் பார்த்தான். கனிசியஸ் போய்த் திறப்பைக் கொடுத்தார். அவன் வாங்கினான்.

"துண்டு எங்கையோ துலைஞ்சுபோச்சு ஐயா," என்றான்.

"பரவாயில்லைத் தம்பி."

இரத்தினம்மா விறாந்தையிலிருந்து சொன்னார்: "தம்பி, கால் கழுவிப்போட்டு வா. சோறு போடுறன்."

அவன் தாயைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மரியநாயகியைப் பார்த்தான். அவர்கள் வெளிக்கிட்டபோது கேற்றுவரை கூட வந்தான். அடைக்கலநாதன் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவவுக்குச் சொல்லிப்போட்டியளோ அக்கா?"

"ஓம் தம்பி. உங்களிலை கோவமா இருக்கிறா எண்டு கேள்விப்பட்டு..."

"என்னிலை கோவமா இருந்தவதான். நான் வேணுமெண்டுதான் அதை அப்படியே விட்டிட்டிருந்தனான்." அவன் குரலை உயர்த்தவில்லை. "அண்டைக்கு விடிய அவ சீலை மாத்திக்கொண்டு கேற்றடியிலை வந்து நிண்டதை நான் கண்ணாடியிலை கண்டனான். பை குறுக்கை கிடக்கு, எங்கை ஏத்திறது எண்டு விட்டிட்டு வந்திட்டன். பிந்தினது என்னாலை எண்டு இருந்தால், அவ என்னைப் பேசிப்பேசி ஆறிப்போடுவா. இப்பத் தன்னையெல்லோ பேசப்போறா. அதுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது."

மரியநாயகி அவனுடைய முகத்தைப் பார்த்தார். 

"நாங்கள் நல்லதெண்டு நினைச்சு..." என்றார் கனிசியஸ்.

"ஓம் ஐயா. நீங்கள் அண்டைக்கும் நல்லதெண்டுதான் நிக்கச் சொன்னனீங்கள்."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கேற்றைச் சாத்தினான்.

திரும்பி வரும்போது மூவரும் ஓட்டோவில் வந்தார்கள்.  நல்லூரடி வெறுமையாகக் கிடந்தது. பட்டினத்துக்குள் வர ஒரு இடத்திலும் நிற்கவேண்டியிருக்கவில்லை.

மார்கழியில் இரத்தினம்மாவை வவுனியாவில் இருக்கிற மகள் கூட்டிக்கொண்டு போனாள். கோப்பாய் வீட்டில் கஜீபன் தனியே இருக்கிறான். மோட்டார் சைக்கிளை உரும்பிராயில் ஒருவருக்கு விற்றுவிட்டான். கனிசியசின் குத்தகை தையோடு முடிந்தது. அவர் அதைப் புதுப்பிக்கவில்லை. இப்போது வேறொருவர் அந்த வளவை நடத்துகிறார். நடுவழியில் வண்டிகள் நிற்கின்றன.